ரேடியேட்டர் வேலைக்கு முன் ஹீட்டிங் தண்ணீரை வடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் கேஸ் பாய்லரும் சுவரோரம் ரேடியேட்டர்களும் உள்ள சாதாரண வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது. ரேடியேட்டர் மாற்ற, பின்னால் உள்ள சுவருக்குப் பெயின்ட் அடிக்க, வால்வு ஒழுகுவதைச் சரிசெய்ய என்று இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள். வடிப்பது சுலபம், திரும்ப நிரப்புவதில்தான் பாதிப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். அதனால் கடைசிப் பகுதியையும் படித்துவிட்டே ஸ்பேனரை எடுங்கள்.

ஒரே ஒரு ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். அதற்கு வீடு முழுக்கத் தண்ணீரை வடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ரேடியேட்டரின் இரண்டு முனையிலும் வால்வு இருக்கிறது, இரண்டையும் மூடிவிட்டால் அந்த ஒரு ரேடியேட்டர் மட்டும் தனியாகிவிடும். ஒரு பக்கம் எண் போட்ட தலையோடு இருப்பது தெர்மோஸ்டாட் வால்வு, டி.ஆர்.வி. என்பார்கள். இன்னொரு பக்கம் வெறும் பிளாஸ்டிக் தொப்பி போட்டிருப்பது லாக்‌ஷீல்டு. லாக்‌ஷீல்டை மூடும்போது எத்தனை சுற்று சுற்றினீர்கள் என்று எண்ணி அந்தத் தொப்பியின் உள்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வீட்டில் எந்த ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்பதை அந்தத் திருகல்தான் தீர்மானிக்கிறது, திரும்பத் திறக்கும்போது அதே அளவு வேண்டும்.

டி.ஆர்.வி. பக்கம் ஒரு பொறி இருக்கிறது. தலையைப் பனிக்குறியில் வைத்துவிட்டு மூடிவிட்டோம் என்று நினைப்பார்கள். அது உறைபனிக் காப்பு நிலை, அறை ஏறக்குறைய 6, 7 டிகிரிக்கு இறங்கினால் தானாகத் திறந்துகொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துப் பெயின்ட் அடிக்கிற வீட்டில், அதுவும் ஜனவரியில், இது கற்பனை இல்லை. தலையைக் கழற்றிவிட்டு வால்வோடு வந்த கைமூடியைத் திருகி ஊசியை அழுத்தி மூடுங்கள், ரேடியேட்டர் ஒரு இரவுக்கு மேல் வெளியில் இருக்கப் போகிறது என்றால் வால்வின் திறந்த வாயிலும் ஒரு மூடி போடுங்கள்.

அப்படியானால் எப்போதுதான் வடிக்க வேண்டும்?

வால்வையே மாற்றும்போது. குழாயை நகர்த்தும்போது, புதிதாக ஒரு ரேடியேட்டர் சேர்க்கும்போது. மூடிய பிறகும் வால்வு முழுதாக அடைக்காமல் தண்ணீர் விடும்போது. பழைய அங்குல அளவு ரேடியேட்டரை எடுத்துவிட்டு மெட்ரிக் அளவில் வாங்கினால் நீளம் சற்று வித்தியாசப்படும், அப்போதும் குழாயில் கை வைக்க வேண்டி வரலாம்.

அப்புறம், வேலை மாடியில் மட்டும் என்றால் முழு வீட்டையும் காலி செய்யத் தேவையில்லை. நீங்கள் திறக்கப் போகும் இணைப்புக்குக் கீழே தண்ணீர் மட்டம் இறங்கினால் போதும். கீழ்த்தளத்து ரேடியேட்டர்களில் தண்ணீர் அப்படியே இருக்கட்டும், அதில் உள்ள துருத்தடுப்பு மருந்தும் வீணாகாது.

தேவையில்லாமல் வடிக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. குழாய்க்குள் பல வருடம் சுற்றிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும், அதனால் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். ஒவ்வொரு முறை புதுத் தண்ணீர் நிரப்பும்போதும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது, இரும்பு ரேடியேட்டருக்கு அது விருந்து.

எங்கள் வீட்டில் எந்த வகை ஹீட்டிங் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாய்லரிலோ அதன் பக்கத்திலோ அழுத்தம் காட்டும் மானி இருந்து, குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை காட்டினால் அது மூடிய அமைப்பு. தனிச் சிலிண்டர் இல்லாமல் ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் ஒன்றே தரும் காம்பி பாய்லர் எல்லாம் இந்த வகைதான். மானி இல்லாமல், பரணில் அதாவது லாஃப்ட்டில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், ஒன்று பெரியது ஒன்று வாளி அளவுக்குக் கொஞ்சம் மேல், இருந்தால் அது திறந்த அமைப்பு. சின்னத் தொட்டிதான் ஹீட்டிங்குக்கு. பெரியது குளிக்கிற, கழுவுகிற தண்ணீருக்கு, அதைத் தொடாதீர்கள்.

பழைய வீட்டில் சுடுதண்ணீர் சிலிண்டர் இருக்கிறது, பரணில் பெரிய தொட்டி மட்டும் இருக்கிறது, சின்னது இல்லை, மானியும் இல்லை என்றால் கொஞ்சம் நில்லுங்கள். பிரைமேட்டிக் என்கிற வகை சிலிண்டராக இருக்கலாம். அதில் ஹீட்டிங் தண்ணீரையும் குழாயில் வரும் சுடுதண்ணீரையும் பிரித்து வைப்பது ஒரு காற்றுக்குமிழி மட்டும்தான். அந்த அமைப்பில் துருத்தடுப்பு மருந்து எதையும் ஊற்றக் கூடாது. இந்த வகை வீட்டுக்கு நான் பிளம்பரைத்தான் கூப்பிடச் சொல்வேன்.

இதை நானே செய்யலாமா? சட்டம் தடுக்கிறதா?

சொந்த வீட்டில் ரேடியேட்டர் பக்கத்துத் தண்ணீரை வடிக்கலாம், நிரப்பலாம். கேஸ் குழாய், பாய்லரின் எரியும் பகுதியை மூடியிருக்கும் உறை, புகைப்போக்கி இவற்றில் கை வைக்க கேஸ் சேஃப் பதிவு பெற்றவர்தான் வர வேண்டும். 2009 வரை கார்கி என்ற பெயரில் இருந்த பதிவுக்குப் பதில் வந்தது இது, சில பழைய ஆட்கள் இன்னும் ‘கார்கி ஆள்’ என்றுதான் சொல்வார்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் சொல்லாமல் எதையும் திறக்காதீர்கள், கம்பளம் கறுத்தால் டெபாசிட் போகும்.

என்னென்ன சாமான் வேண்டும்?

அரை அங்குலத் தோட்டக் குழாய் ஒன்று, வெளியே சாக்கடை வரை எட்டும் நீளத்தில். அதை இறுக்க ஜூபிலி கிளிப். ரேடியேட்டரில் காற்று எடுக்கும் சின்னச் சாவி. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இரண்டு, ஏனென்றால் நட்டை ஒன்றால் திருகும்போது வால்வின் உடம்பை இன்னொன்றால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் செம்புக் குழாய் முறுகிவிடும். ஆழமில்லாத தட்டு, பெயின்ட் தட்டு நன்றாகப் பொருந்தும். பழைய துண்டுகள், நிறைய. நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. திருகு மரையில் ஒழுகாமல் சுற்றும் பிடிஎஃப்இ டேப் ஒரு சுருள். டிரெயின் காக்குக்கு, அதாவது தண்ணீரை வடிக்கும் திருகு வால்வுக்கு, புது ரப்பர் வாஷர் ஒன்றிரண்டு, விலை சில்லறைதான், ஞாயிற்றுக்கிழமை மாலை கடை மூடிய பிறகு அதன் அருமை தெரியும்.

டிரெயின் காக் எங்கே இருக்கும்?

அமைப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில். கீழ்த்தளத்து ரேடியேட்டர் ஒன்றின் வால்வுக்குக் கீழே, வாசல் கதவுக்கோ பின்கதவுக்கோ பக்கத்தில் முதலில் பாருங்கள். வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. பாய்லருக்கு அடியிலும் ஒன்று இருக்கலாம். வரிவரியாக வரம்பு வைத்த சின்ன வாய், அதன் பக்கத்தில் சதுரத் தலை வைத்த திருகு, அதுதான். குழாயை மாட்டுவது அந்த வரம்பு வைத்த வாயில்.

கீழ்த்தளம் கான்கிரீட் தரையாக உள்ள வீடுகளில் விஷயம் வேறு. அங்கே குழாய்கள் மேல்தளத்துத் தரைக்கு அடியில் ஓடி, சுவர் வழியாக ஒவ்வொரு கீழ் ரேடியேட்டருக்கும் இறங்கி வரும். அப்படி இறங்கும் ஒவ்வொரு ஜோடியும் தனித்தனிப் பள்ளம். ஒன்றில் வடித்தால் பக்கத்து அறையில் உள்ளது காலியாகாது. ஆகவே ஒவ்வொன்றின் அடியிலும் டிரெயின் காக் இருக்கிறதா என்று தேடுங்கள், நீங்கள் வேலை செய்யப் போகும் ரேடியேட்டரில் உள்ளதுதான் உங்களுக்கு முக்கியம்.

தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லையே?

பல வீடுகளில் உண்மையாகவே இருக்காது. அப்போது தாழ்ந்த ரேடியேட்டர் ஒன்றின் இரண்டு வால்வையும் மூடி, ஒரு பக்கத்து நட்டை மெல்லத் தளர்த்தி, தட்டில் வடித்து அந்த ரேடியேட்டரைக் காலி செய்யுங்கள். பிறகு அந்தப் பக்கத்து இணைப்பை விலக்கி, வால்வின் வாயில் ஒரு குழாய் இணைப்பியைத் திருகி, வால்வைத் திறந்து அதன் வழியாக மீதியை வடிக்கலாம். தண்ணீரும் உறிஞ்சக்கூடிய வேக்குவம் இருந்தால் வேலை இன்னும் சுத்தம். எப்படியும் வடித்துவிட்ட பிறகு, அந்த இடத்தில் டிரெயின் காக் சேர்ந்தே வரும் வால்வு ஒன்றைப் போட்டுவிடுங்கள். அடுத்த முறை இந்தக் கூத்து வேண்டாம்.

சரி, வடிக்கும் வரிசை என்ன? மூடிய அமைப்புக்கு முதலில் சொல்லுங்கள்.

பாய்லரை சுவரில் உள்ள ஸ்பர் சுவிட்சிலேயே அணையுங்கள், அதில் உள்ள 3 ஆம்பியர் ஃபியூஸையும் உருவி வைத்தால் நல்லது. தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்தால் மட்டும் போதாது, உறைபனிக் காப்பு தானாகவே பாய்லரையும் பம்பையும் எழுப்பிவிடலாம், தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடினால் கெட்டுவிடும். பிறகு ஆற விடுங்கள். ரேடியேட்டரைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், 60, 70 டிகிரித் தண்ணீர் கையில் பட்டால் தோல் உரியும். முதல் நாள் இரவே அணைத்துவிடுவது சுகம். காம்பி வீட்டில் அந்த நேரம் முழுக்கச் சுடுதண்ணீர் வராது, வீட்டில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிரப்பும் இணைப்பு, பாய்லருக்குக் கீழே வெள்ளிப் பின்னல் போட்ட சின்னக் குழாயாக இருக்கும், அதன் வால்வுகள் மூடியிருக்கின்றனவா பாருங்கள். எல்லா டி.ஆர்.வி.யையும் முழுக்கத் திறங்கள். தோட்டக் குழாயை டிரெயின் காக்கில் மாட்டிக் கிளிப்பை இறுக்கி, மறுமுனையை வெளியே, காக்கைவிடத் தாழ்வாக விடுங்கள். அப்புறம் சதுரத் திருகைத் திறங்கள், ஒன்றிரண்டு சுற்று போதும், முழுக்க வெளியே எடுக்க வேண்டாம்.

முதலில் அழுத்தத்தால் வேகமாக வரும், மானி பூஜ்யத்துக்கு வந்ததும் குறைந்து நின்றுவிடும். காலியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இப்போதுதான் மாடி ரேடியேட்டர்களின் காற்றுத் திருகைத் திறக்க வேண்டும். மேலிருந்து காற்று நுழைந்தால்தான் கீழே தண்ணீர் இறங்கும். அழுத்தம் இருக்கும்போதே மேலே திறந்தால் கறுப்புத் தண்ணீர் சுவரில் பீச்சும், ஆகவே மானி இறங்கிய பிறகே. மாடி காலியானதும் கீழ்த்தளத்துத் திருகுகளைத் திறங்கள். மூன்று படுக்கையறை வீட்டில் மொத்தம் 100 லிட்டர் பக்கம் இருக்கும், ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

திறந்த அமைப்பு, பரணில் சின்னத் தொட்டி. இதில் என்ன வித்தியாசம்?

அணைப்பது, ஆற விடுவது, குழாய் மாட்டுவது எல்லாம் அதேதான். வித்தியாசம் தொட்டியில். நீங்கள் கீழே வடிக்க வடிக்க மேலே மிதவை வால்வு திறந்து புதுத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில் ஓடினாலும் தீராது. தொட்டிக்குப் போகும் குழாயில் வால்வு இருந்தால் மூடுங்கள். இல்லாவிட்டால் தொட்டிக்குக் குறுக்கே ஒரு கட்டையை வைத்து மிதவையின் கையை மேலே இழுத்துக் கட்டிவிடுங்கள்.

கட்டுவதற்கு முன் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் சேறு படிந்திருந்தால் முதலில் அதை அள்ளித் துடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் குழாய்க்குள் இறங்கும்.

இன்னொன்று: கீழே தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனால் சின்னத் தொட்டியில் தண்ணீர் அப்படியே நிற்கிறது என்றால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் எங்கோ சேற்றால் அடைத்திருக்கிறது. பெரும்பாலும் அது ஹீட்டிங் குழாயோடு சேரும் இடத்தில். அந்த அடைப்பை எடுக்காமல் திரும்ப நிரப்பவும் முடியாது, எனவே இப்போதே கண்டுபிடித்தது நல்லதுதான்.

சிலிண்டர் உள்ள வீட்டில் ஹீட்டிங் தண்ணீரை வடித்தாலும் சிலிண்டரில் உள்ள குளிக்கும் தண்ணீர் போகாது. இம்மர்ஷன் ஹீட்டர் இருந்தால் மின்சாரத்தில் சுட வைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி வீடுகளில் தண்ணீரை ரேடியேட்டருக்கோ சிலிண்டருக்கோ திருப்பும் மோட்டார் வால்வின் பக்கவாட்டு நெம்புகோலைத் தள்ளிக் கையால் திறந்து வைக்க மறக்காதீர்கள், மூடியிருந்தால் ஒரு பகுதித் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்.

தண்ணீரை எங்கே விடுவது? ரோஸ் செடிக்கு ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள், அதில் மருந்து கலந்திருக்கும். சமையலறைக் கழிவுநீரோ கழிப்பறையோ போகும் சாக்கடையில் விடுங்கள். தெருவிலும் முன்வாசலிலும் உள்ள மழைநீர் வடிகால் நேராக ஓடைக்கோ ஆற்றுக்கோ போகும் ஊர்கள் நிறைய, அங்கே விடக் கூடாது.

தண்ணீர் மை மாதிரி கறுப்பாக வருகிறது. பயப்பட வேண்டுமா?

அது மேக்னடைட், ரேடியேட்டரின் இரும்பு உள்ளேயே அரித்து உண்டான கறுப்புத் தூள். கொஞ்சம் மங்கலாக இருந்தால் சாதாரணம். கெட்டியாக, கடைசியில் சேறு மாதிரி வந்தால் உங்கள் வீட்டில் ரேடியேட்டர்களின் நடுக்கீழ்ப் பகுதி சூடாகாமல் இருந்திருக்கும், இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியானால் இப்போதே சுத்தம் செய்யும் மருந்து போட்டுச் சில நாள் ஓடவிட்டு மறுபடி வடிப்பது நல்லது, கழற்றிய ரேடியேட்டரைத் தோட்டத்தில் வைத்துக் குழாய்த் தண்ணீரால் உள்ளே பீச்சிக் கழுவலாம். கம்பளத்தில் பட்டால் இந்தக் கறை போகவே போகாது. ரேடியேட்டரைத் தூக்கும்போது துளைகளில் மூடியோ துணியோ அடைத்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி கொண்டு போங்கள். ஒரு மீட்டர் நீள இரட்டைப் பலகை ரேடியேட்டர் 30 கிலோ பக்கம் வரும், துணைக்கு ஆள் வேண்டும்.

காற்றுத் திருகைத் திறக்கும்போது வெளியே வருவது எப்போதும் வெறும் காற்று என்று நினைக்க வேண்டாம். அரிப்பினால் ஹைட்ரஜன் உண்டாகிச் சேர்ந்திருக்கலாம், அது எரியும். பக்கத்தில் சிகரெட்டும் மெழுகுவர்த்தியும் கூடாது.

டிரெயின் காக் திறக்கவே மாட்டேன் என்கிறது.

முரட்டுத்தனம் வேண்டாம், முறிந்தால் மூட வழி இருக்காது. ஊடுருவும் எண்ணெய் தெளித்துக் கொஞ்சம் காத்திருந்து, முதலில் இறுக்கும் பக்கம் நூலளவு திருகிவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். திருகு சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் ரப்பர் வாஷர் இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பியை வாயில் விட்டு மெதுவாகக் குத்தினால் விடும், ஆனால் விட்ட அந்த நொடி தண்ணீர் வரும் என்பதால் தட்டையும் ஆளையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும்போது திருகின் ஓரத்தில் சொட்டுவது பல காக்குகளில் வழக்கம், தட்டு வைத்தால் போதும். வடித்து முடித்ததும் அந்த வாஷரை மாற்றிவிடுங்கள், காய்ந்து வெடித்த வாஷர் திரும்ப மூடும்போது ஒழுகும்.

வேலை முடிந்தது. எப்படி நிரப்புவது?

நிதானமாக. டிரெயின் காக்கை மூடுங்கள், திறந்த அத்தனை காற்றுத் திருகையும் மூடுங்கள். எந்தெந்தத் திருகைத் திறந்தோம் என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் இங்கே கைகொடுக்கும், ஏனென்றால் மாடி மூலையறையில் திறந்தபடி விட்ட ஒரே ஒரு திருகு கீழ்த்தளத்துக் கூரையை நனைத்துவிடும்.

மூடிய அமைப்பில் நிரப்பும் இணைப்பைக் கொஞ்சமாகத் திறந்து 1 பார் வந்ததும் நிறுத்தி, கீழ்த்தளத்து ரேடியேட்டர்களில் தொடங்கி மேலே போய்க் காற்றை எடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் இறங்கும், திரும்ப ஏற்றுங்கள். கடைசியில் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பாருக்குள் நிற்க வேண்டும். 3 பாரை நெருங்கினால் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே கொட்டும், ஒருமுறை கொட்டிய வால்வு சில சமயம் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், அதுதான் வம்பு. முடிந்ததும் வெளியில் தெரியும் நிரப்புக் குழாயாக இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், குடிநீர்க் குழாயோடு நிரந்தரமாகச் சேர்ந்திருக்கக் கூடாது.

திறந்த அமைப்பில் மிதவையைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, வால்வைப் பாதி திறந்து மெதுவாக விடுங்கள். வேகமாக விட்டால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். தொட்டியில் குளிர்ந்த மட்டம் அடியிலிருந்து அரைச் சாண் தாண்ட வேண்டாம். தண்ணீர் சூடானால் விரியும், 100 லிட்டருக்கு 3 லிட்டர் அளவு கூடும், அதற்கு மேலே இடம் வேண்டும்.

பிறகு ஃபியூஸைப் போட்டு, முதலில் பாய்லரைக் குறைந்த சூட்டில் ஓடவிடுங்கள். புது பாய்லர்களில் காற்றை வெளியேற்றத் தனி ஓட்டம் ஒன்று இருக்கும், கையேட்டைப் பாருங்கள். திறந்த ஒவ்வொரு நட்டின் அடியிலும் உலர்ந்த டிஷ்யூ தாளை வைத்துப் பாருங்கள், சூடாகும்போது ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை. குளிரும்போதுதான் ஒழுகும் இணைப்புகளும் உண்டு.

மருந்து போடுவது கட்டாயமா?

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பி.எஸ். 7593 என்கிற பிரிட்டிஷ் தரநிலையே ஹீட்டிங் தண்ணீரைச் சுத்தம் செய்து, துருத்தடுப்பான் சேர்க்கச் சொல்கிறது. ஃபெர்னாக்ஸ் எஃப்1, சென்டினல் எக்ஸ்100 இரண்டும் எல்லாக் கடையிலும் கிடைப்பவை, எது வேண்டுமானாலும் போடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். சாதாரண வீட்டுக்கு ஒரு புட்டி போதும், ரேடியேட்டர் நிறைய இருந்தால் புட்டியின் மேல் உள்ள அளவைப் படியுங்கள். திறந்த அமைப்பில் சின்னத் தொட்டியில் ஊற்றலாம். மூடிய அமைப்பில், கறுப்புத் தூளைப் பிடிக்கும் காந்த வடிகட்டி இருந்தால் அதன் வழியாக, இல்லாவிட்டால் நிரப்பும் முன்பே, காலியாக உள்ள ரேடியேட்டர் ஒன்றின் மேல் துளை வழியாக ஊற்றிவிடுவது எளிது. எல்லாம் நிரப்பிய பிறகு ஞாபகம் வந்தால் அழுத்தம் ஏற்றிய டப்பா வாங்க வேண்டும், காசு அதிகம்.

காந்த வடிகட்டி இல்லாத வீடு என்றால், தண்ணீர் வடிந்திருக்கும் இந்த நேரமே அதைப் போட ஏற்றது.

நிரப்பிய பிறகு ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை.

மேல்பகுதி குளிர்ந்திருந்தால் காற்று, மறுபடி எடுங்கள். முழுக்கக் குளிர்ந்திருந்தால் லாக்‌ஷீல்டைத் திறக்க மறந்தீர்களா, டி.ஆர்.வி.யின் ஊசி அழுந்தியபடி ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். ஊசியை விரலால் அழுத்தி விட்டால் மேலே வர வேண்டும். இரண்டும் சரி என்றால் குழாயில் காற்றடைப்பு. மற்ற ரேடியேட்டர்களை எல்லாம் மூடிவிட்டுப் பம்பின் முழு வேகத்தையும் அந்த ஒன்றுக்கே திருப்பிவிட்டால் பெரும்பாலும் உடையும். முதல் சில நாள் அழுத்தம் லேசாக இறங்குவதும் குழாயில் களகள சத்தமும் இயல்பு, ஆனால் ஒரு வாரம் கழித்தும் மானி தினமும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

வடித்துவிட்டு எத்தனை நாள் அப்படியே விடலாம்?

பெயின்ட் காயும் வரை என்றால் பரவாயில்லை. வாரக்கணக்கில் வேண்டாம், ஈரமும் காற்றும் சேர்ந்து உள்ளே துரு வேகமாகப் பிடிக்கும். குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை, வீட்டுக்குச் சூடே இருக்காது என்பதால் குடிநீர்க் குழாய்கள் உறைய வாய்ப்பு உண்டு. மே மாதத்தில் செய்கிற வேலையை டிசம்பருக்குத் தள்ளாதீர்கள்.

அடுக்குமாடி வீடு, ஹீட் பம்ப் வீடு இவற்றுக்கும் இதே முறைதானா?

கட்டடம் முழுமைக்கும் பொதுவான ஹீட்டிங் என்றால் தொடவே தொடாதீர்கள். உங்கள் வால்வுக்குப் பின்னால் இருப்பது மற்ற மாடிகளின் தண்ணீரும்தான், நிர்வாகத்துக்குச் சொல்லி அவர்களை மூடச் சொல்லுங்கள். சொந்த காம்பி பாய்லர் உள்ள அடுக்குமாடி என்றால் மேலே சொன்னதேதான், ஆனால் சாக்கடை தூரம் என்பதால் குழாயைக் குளியல் தொட்டியில் விட வேண்டி வரும். தண்ணீர் தானாக மேலேறாது, வேக்குவமோ சின்ன பம்போ வேண்டும். ஹீட் பம்ப் அமைப்புகளில் உறையாமலிருக்க கிளைகால் கலந்திருக்கலாம். அதைக் குறிப்பிட்ட விகிதத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதால் பொருத்தியவரையே கூப்பிடுங்கள்.